0/0 வந்த பிறகு அடித்துவிட்டு 4 என்று எழுதுவது எப்படிச் சரியாகும்?

வேப்பம்பூ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழி. எல்லைகள் பாடம் ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. கணக்கு போட வருகிறது, விடையும் சரியாக வருகிறது. ஆனால் ஒரே ஒரு இடத்தில் மனசு ஒப்பவே மாட்டேன் என்கிறது.

எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது (எக்ஸ்² − 4)/(எக்ஸ் − 2) என்பதன் எல்லை என்ன? இதுதான் கணக்கு. 2-ஐ நேராகப் போட்டால் 0/0 வருகிறது. அதனால் மேலே இருப்பதை (எக்ஸ் − 2)(எக்ஸ் + 2) என்று பிரித்து, மேலும் கீழும் இருக்கும் எக்ஸ் − 2 ஐ அடித்துவிடுகிறோம். மிச்சம் எக்ஸ் + 2. அதில் 2-ஐப் போட்டால் 4.

என் சந்தேகம் இதுதான். அடிக்கும்போது எக்ஸ் − 2 பூச்சியம் இல்லை என்று வைத்துக்கொண்டுதானே அடிக்கிறோம்? பூச்சியமாக இருந்தால் அடிக்கவே கூடாது. அடுத்த வரியிலேயே எக்ஸ் = 2 என்று போடுகிறோம். அப்படியென்றால் நாம் அடித்தது பூச்சியத்தைத்தானே? ஒரே கணக்கில் முதல் வரியில் எக்ஸ் 2 இல்லை, இரண்டாவது வரியில் எக்ஸ் 2. வகுப்பில் கேட்டதற்கு "பரீட்சைக்கு இது போதும்" என்று பதில் வந்தது. நோட்டில் அந்த வரியைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். யாராவது விளக்கினால் அதை அழித்துவிடுவேன்.

இரவுப்பாடம் எழுதியது:

நான் பொறியியல் இரண்டாம் ஆண்டு. இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம் தங்கச்சி. பன்னிரண்டாம் வகுப்பில் லோபிதால் விதி வரும். 0/0 வந்தால் மேலே தனியாக வகையிடு, கீழே தனியாக வகையிடு, அப்புறம் 2-ஐப் போடு. மேலே 2எக்ஸ், கீழே 1. விடை 4. எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது சைன் எக்ஸ்/எக்ஸ் என்ன ஆகும் என்ற கணக்கும் இப்படியே ஒரு வரியில் முடிந்துவிடும்.

எல்லை என்பதற்குப் பொருள் வேண்டுமென்றால், "நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் ஒருநாளும் தொடாது" என்று வைத்துக்கொள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

வேப்பம்பூ எழுதியது:

நன்றி அண்ணா. ஆனால் வகையிடுவதற்கான சூத்திரத்தையே எல்லையை வைத்துத்தானே கொண்டுவருகிறார்கள்? அங்கேயும் ஹெச் என்ற சிறிய மாற்றத்தை மேலும் கீழும் அடித்துவிட்டு, பிறகு ஹெச் = 0 என்று போடுகிறார்கள். என் சந்தேகம் அங்கேயும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கரும்பலகை எழுதியது:

அம்மா வேப்பம்பூ, அந்தப் பென்சில் வட்டத்தை இப்போதைக்கு அழிக்காதே. நான் 31 ஆண்டு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன். இந்தக் கேள்வியை இவ்வளவு தெளிவாகக் கேட்ட பிள்ளைகள் மிகக் குறைவு.

1734-ல் ஜார்ஜ் பெர்க்லி என்ற அயர்லாந்து ஆயர் (பிஷப்) நியூட்டன் வழிவந்த கணிதக்காரர்களைப் பார்த்துக் கேட்டது உன் கேள்வியைத்தான். முதலில் ஒரு சிறிய அளவு இருக்கிறது என்று சொல்லி அதால் வகுக்கிறீர்கள், வகுத்து முடித்ததும் அது இல்லை என்கிறீர்கள், இது என்ன நியாயம் என்றார். அந்த அளவுகளை "மறைந்துபோன அளவுகளின் ஆவிகள்" என்றும் எழுதினார். நியூட்டன் வழியில் போட்ட கணக்குகள் சரியான விடையைத் தந்துகொண்டிருந்தன. கோள்கள் எங்கே இருக்கும் என்று சொல்லிவிட்டால் அங்கேயே இருந்தன. ஆனாலும் பெர்க்லியின் கேள்விக்கு முழுப் பதில் வர நூறாண்டுக்கு மேல் ஆனது. கோஷி என்ற பிரெஞ்சுக் கணிதர் 1821-ல் பாரிசில் தன் மாணவர்களுக்காக எழுதிய பாடத்தில் எல்லையை அடித்தளமாக வைத்தார். பிறகு வெயர்ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மானியக் கணிதர் பெர்லினில் நடத்திய வகுப்புகளில் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தப் போகும் முன் பத்தாண்டுக்கு மேல் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஒவ்வொரு முறை இதைச் சொல்லும்போதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கணக்கில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. வேகமாக எழுதும்போது அவை ஒன்றுபோலத் தெரிகின்றன.

முதல் வேலை, அடிப்பது. எல்லை என்ற கேள்வி 2-ல் என்ன நடக்கிறது என்று கேட்பதே இல்லை. 2-க்கு அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று மட்டுமே கேட்கிறது. ஆகவே எக்ஸ் முதலிலிருந்து கடைசி வரை 2 ஆவதே கிடையாது. 1.9 ஆகலாம், 2.001 ஆகலாம். அங்கெல்லாம் எக்ஸ் − 2 பூச்சியம் அல்ல, அடிப்பதில் ஒரு குற்றமும் இல்லை. அடித்த பிறகு நமக்குக் கிடைத்த செய்தி இவ்வளவுதான்: 2-ஐத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நம் சார்பும் எக்ஸ் + 2 என்ற சார்பும் ஒன்றே. அக்கம்பக்கம் ஒன்று என்றால் எல்லையும் ஒன்று.

இரண்டாவது வேலை, 4 என்று சொல்வது. இங்கே பழைய பின்னத்தில் நாம் 2-ஐப் போடவில்லை. எக்ஸ் + 2 என்ற வேறொரு சார்பின் எல்லையைக் கேட்கிறோம். அது ஒரு நேர்க்கோடு, 2-ல் உடைப்போ ஓட்டையோ இல்லாத தொடர்ச்சியான சார்பு. தொடர்ச்சி என்றாலே அந்த இடத்து எல்லையும் அந்த இடத்து மதிப்பும் ஒன்று என்றுதான் பொருள். அதனால் எல்லையைக் கண்டுபிடிக்க மதிப்பைப் பார்த்துக்கொள்கிறோம். 2-ஐப் போடுவது ஒரு குறுக்குவழி. அந்தக் குறுக்குவழியில் போக எக்ஸ் + 2-க்கு உரிமை உண்டு, பழைய பின்னத்துக்கு இல்லை.

"எக்ஸ் = 2 எனப் பிரதியிட" என்று மட்டும் எழுதும் பழக்கத்தால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. "எக்ஸ் + 2 தொடர்ச்சியானது, ஆகவே" என்று ஒரு வரி சேர்த்து எழுதிப் பார்.

அப்புறம் தம்பி இரவுப்பாடம், நீ சொன்ன இரண்டிலும் எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. சைன் எக்ஸ்/எக்ஸ் கணக்கில் லோபிதால் போட்டால் வட்டம் சுற்றி அதே இடத்துக்கு வருவாய். சைனை வகையிட்டால் காஸ் என்று காட்டவே சைன் எக்ஸ்/எக்ஸ் 1-ஐ நெருங்கும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும். லோபிதால் அந்த விதியை 1696-ல் வெளியிட்டார். கண்டுபிடித்தவர் யோகான் பெர்னூலி. "தொடாது" என்பதைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும், என் கை வலிக்கிறது.

பனங்கூடல் எழுதியது:

வணக்கம், நான் யாழ்ப்பாணம். உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். "தொடாது" என்பது எங்கள் பிள்ளைகளிடமும் உள்ள பிழையான விளக்கம்தான். இரண்டு உதாரணம் போதும்.

எஃப்(எக்ஸ்) = 5 என்ற மாறிலிச் சார்பை எடுங்கள். எக்ஸ் எங்கே போனாலும் எல்லை 5. சார்பு 5-ஐ விட்டு நகர்வதே இல்லை. தொடாமல் நெருங்குவது என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

மற்றது, எக்ஸ் × சைன்(1/எக்ஸ்). எக்ஸ் 0-ஐ நெருங்கும்போது இது இரண்டு கோடுகளுக்கு நடுவே மேலும் கீழுமாக ஆடிக்கொண்டு வரும். அந்தக் கோடுகள் ஒடுங்கிக்கொண்டே வருவதால் எல்லை 0. ஆனால் வரும் வழியில் அது 0-ஐ எண்ணற்ற தடவை தொட்டும் கடந்தும் போகிறது. முன்னால் உள்ள எக்ஸை எடுத்துவிட்டு வெறும் சைன்(1/எக்ஸ்) ஐப் பாருங்கள். அதுவும் ஆடுகிறது, ஆனால் ஒடுங்காமல் −1-க்கும் 1-க்கும் இடையே ஆடிக்கொண்டே இருக்கிறது. அதற்கு எல்லை இல்லை. ஆகவே தொடுகிறதா என்று பார்க்க வேண்டாம், ஒடுங்குகிறதா என்று பாருங்கள்.

"ஒருபோதும் 2 ஆகாது" என்பது எக்ஸுக்கு உள்ள கட்டுப்பாடு. சார்பின் பெறுமானத்துக்கு அப்படி ஒரு கட்டுப்பாடும் கிடையாது. இந்த இரண்டையும் கலந்துவிட்டால் பிறகு விளங்குவது கஷ்டம்.

இரவுப்பாடம் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. மாறிலிச் சார்பு உதாரணம் எனக்குத் தோன்றவே இல்லை. "ஒடுங்குவது" நல்ல சொல். ஆனால் எவ்வளவு ஒடுங்கினால் போதும்? எல்லைக்குக் கொடுக்கும் அந்த எப்சிலான், டெல்டா வரையறையை முதல் ஆண்டில் மனப்பாடம் செய்து எழுதினேன். எதற்காக அப்படி இருக்கிறது என்று இன்று வரை தெரியாது.

கடைசல்பட்டறை எழுதியது:

நான் கோயம்புத்தூர். லேத் வேலை. படிப்பு டிப்ளமோவோடு சரி. பையன் பதினொன்றாம் வகுப்பு என்பதால் இந்தப் பாடத்தை அவனோடு உட்கார்ந்து படித்தேன். எப்சிலான், டெல்டா வரையறையைப் படித்ததும் எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் நாங்கள் தினமும் பேசும் டாலரன்ஸ் கணக்குதான் அது.

ஒரு ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். சதுரத் தகடு, பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். பக்கம் 10 சென்டிமீட்டர். துல்லியமாக 10-க்கு உலகத்தில் யாராலும் வெட்ட முடியாது. அதனால் வாங்குபவர் சொல்கிறார்: "பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர் கூடலாம், குறையலாம், அதற்கு மேல் போனால் திருப்பி அனுப்பிவிடுவேன்." அவர் சொல்வது எப்சிலான். இப்போது நான் என் ஆளிடம் பக்கத்தை எவ்வளவு விலகல்வரை வெட்டலாம் என்று சொல்ல வேண்டும். அது டெல்டா. 0.04 சென்டிமீட்டர் என்கிறேன். 10.04-ஐ 10.04-ஆல் பெருக்கினால் 100.8016. 9.96 என்றால் 99.2016. இரண்டும் உள்ளேதான்.

மறுநாள் அவரே வந்து, "அதெல்லாம் போதாது, 0.1 தான் கூடலாம் குறையலாம்" என்கிறார். சரி, 0.004 என்கிறேன். 10.004-க்கு 100.080016. அப்போதும் உள்ளே. அவர் 0.001 கேட்டாலும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். அந்தத் துல்லியத்துக்கு என் மெஷின் வராது, அது வேறு விஷயம். காகிதத்தில் பதில் உண்டு. அவர் எவ்வளவு இறுக்கினாலும் நான் ஒரு விலகலைச் சொல்லிவிட முடிகிறது என்றால், பக்கம் 10-ஐ நெருங்கும்போது பரப்பு 100-ஐ நெருங்குகிறது என்று அர்த்தம். எனக்குப் புரிந்த எல்லை இதுதான்.

இதில் யார் முதலில் பேசுகிறார் என்பதுதான் முக்கியம். வாங்குபவர் முதலில் சொல்லணும், நான் பிறகு சொல்லணும். நானே முதலில் 0.04 என்று சொல்லிவிட்டு, இனி எல்லா ஆர்டருக்கும் அதுதான் என்றால் பட்டறையை மூட வேண்டியதுதான். என் பையன் வரையறையை எழுதும்போது டெல்டாவை முதலில் எழுதி எப்சிலானைப் பிறகு எழுதினான். இதைச் சொன்ன பிறகு அந்தத் தப்பு வரவில்லை.

கரும்பலகை எழுதியது:

ஐயா, இத்தனை ஆண்டு நடத்தியும் இந்த உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. தெரிந்திருந்தால் வருடாவருடம் சொல்லியிருப்பேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். எல்லை இல்லை என்று எப்படிக் காட்டுவது? வாங்குபவர் ஏதாவது ஒரு எப்சிலான் சொல்லி, அதற்கு நாம் எந்த டெல்டாவும் தர முடியாமல் போனால் போதும். வண்டி நிறுத்துமிடக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் வரை 40 ரூபாய், அதற்கு மேல் ஒரு நொடி ஆனாலும் 60. இரண்டு மணி நேரத்துக்குக் கீழிருந்து வந்தால் கட்டணம் 40-ஐ நெருங்குகிறது, மேலிருந்து வந்தால் 60-ஐ. எப்சிலான் 5 ரூபாய் என்று கேட்டுவிட்டால், 40, 60, நடுவில் 50, எதை எல்லை என்று சொன்னாலும் மாட்டிக்கொள்வோம். இடப்பக்க எல்லை உண்டு, வலப்பக்க எல்லை உண்டு, இரண்டும் ஒன்றல்ல என்பதால் எல்லை இல்லை. சரியாக இரண்டு மணி நேரத்தில் வண்டியை எடுத்தால் 40 ரூபாய்தான் என்பது மதிப்பைப் பற்றிய செய்தி. எல்லை உண்டா இல்லையா என்பதற்கு அது உதவாது.

வேப்பம்பூ எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கரும்பலகை சார் எழுதியதை மூன்று தடவை படித்தேன். அந்தப் பின்னத்துக்கு 2-ல் யாராவது வேண்டுமென்றே 7 என்று மதிப்பு கொடுத்துவிட்டால்கூட எல்லை 4-தான், இல்லையா சார்? 7-ஐ யாரும் கேட்கவே இல்லை.

இன்னொரு சந்தேகம். சைன் எக்ஸ்/எக்ஸ் உண்மையிலேயே 1-ஐ நெருங்குகிறதா என்று அப்பாவுடைய போனில் இருக்கும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். 0.1-க்கு 0.01745 வந்தது. 0.01-க்கும் 0.01745. 1-க்குப் பக்கத்திலேயே போகவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன்?

இரவுப்பாடம் எழுதியது:

இது எனக்குத் தெரியும்! கால்குலேட்டர் பாகையில் இருக்கிறது தங்கச்சி. ரேடியனுக்கு மாற்று. 0.1-க்கு 0.99833, 0.01-க்கு 0.99998 என்று வரும். உனக்கு வந்த 0.01745-ம் சும்மா வந்த எண் இல்லை. அது பை/180. ஒரு பாகைக்கு எத்தனை ரேடியன் என்ற கணக்கு அது. பாகையில் அளந்தால் எல்லை அதுவாகிவிடும். நுண்கணிதத்தில் ஏன் எல்லாரும் ரேடியனையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குக் காரணமும் இதுதான். வேறு எந்த அளவையிலும் இந்த எல்லை 1 ஆகாது. பாகை என்றால் ஒவ்வொரு சூத்திரத்திலும் பை/180 கூடவே வந்துகொண்டிருக்கும்.

லோபிதால் இல்லாமல் எப்படிக் காட்டுவது என்று நேற்று ராத்திரி நானே உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஆரம் 1 உள்ள வட்டம், மையத்தில் எக்ஸ் என்ற சிறிய கோணம். உள்ளே ஒரு முக்கோணம், பரப்பு சைன் எக்ஸில் பாதி. அதைவிடப் பெரியது வட்டக்கோணப்பகுதி, பரப்பு எக்ஸில் பாதி. அதைவிடப் பெரியது வெளி முக்கோணம், பரப்பு டேன் எக்ஸில் பாதி. மூன்றையும் வரிசையாக எழுதி மாற்றி அமைத்தால், சைன் எக்ஸ்/எக்ஸ் என்பது காஸ் எக்ஸுக்கும் 1-க்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. காஸ் எக்ஸ் 1-ஐ நெருங்குகிறது, அந்தப் பக்கம் 1 நகராமல் நிற்கிறது. நடுவில் இருப்பது வேறெங்கும் போக முடியாது. சாண்ட்விச் தேற்றம் என்று பெயர் தெரியும், படம் போட்டுப் பார்த்தது நேற்றுதான். வட்டக்கோணப்பகுதியின் பரப்பு எக்ஸில் பாதி என்பதே ரேடியனில்தான் உண்மை. அங்கேயே ரேடியன் உள்ளே வந்துவிடுகிறது.

பனங்கூடல் எழுதியது:

நல்லது தம்பி. அட்டவணை போட்டுப் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை. (1 − காஸ் எக்ஸ்)/எக்ஸ் வர்க்கம் என்பதன் எல்லை 1/2. 0.1-க்கு 0.49958, 0.01-க்கு 0.499996 என்று ஒழுங்காக வரும். பைத்தானில் எக்ஸுக்கு 0.00000001 கொடுத்துப் பாருங்கள், விடை 0. கணினி காஸ் மதிப்பைக் குறிப்பிட்ட இலக்கங்கள் வரைதான் வைத்துக்கொள்ளும். இவ்வளவு சிறிய எக்ஸுக்கு அதை 1 என்றே எடுத்துவிடுகிறது, 1-இல் 1 போக ஒன்றும் மிஞ்சாது. அட்டவணை எல்லை எங்கே இருக்கலாம் என்று காட்டும், நிறுவாது.

கடைசல்பட்டறை எழுதியது:

வேப்பம்பூ, உனக்கு ஒரு வேலை தருகிறேன். எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது எக்ஸ்² 9-ஐ நெருங்கும். வாங்குபவர் எப்சிலான் என்று ஏதோ ஒன்று சொல்கிறார், எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. டெல்டாவை நீ சொல். என் பையன் இதில்தான் நின்றுவிட்டான்.

வேப்பம்பூ எழுதியது:

போட்டுப் பார்த்தேன் அண்ணா, சரியா என்று பாருங்கள்.

எக்ஸ்² − 9 = (எக்ஸ் − 3)(எக்ஸ் + 3). முதல் அடைப்பு என் கையில் இருக்கிறது, அது டெல்டாவுக்குள் இருக்கும். இரண்டாவது அடைப்பு எவ்வளவு பெரிதாகும் என்று தெரியாததால் முதலில் நின்றுவிட்டேன். பிறகு டெல்டா எப்படியும் 1-ஐத் தாண்டாது என்று நானே வைத்துக்கொண்டேன். அப்போது |எக்ஸ் + 3| 7-க்குக் குறைவு. ஆகவே மொத்த விலகல் 7 × டெல்டாவுக்குள். அது எப்சிலானுக்குள் இருக்க டெல்டாவை எப்சிலான்/7 என்று எடுத்தால் போதும். 1, எப்சிலான்/7 இரண்டில் எது சிறியதோ அது.

சோதனைக்கு எப்சிலான் 0.1 எடுத்தேன். 0.1/7 = 0.01428. விலகல் 0.014 என்று வைத்தால் 3.014-இன் வர்க்கம் 9.084196. உள்ளே இருக்கிறது!

கடைசல்பட்டறை எழுதியது:

திருப்பி அனுப்ப மாட்டார்கள் தங்கச்சி. பையனிடம் இதை அப்படியே காட்டுகிறேன்.

கரும்பலகை எழுதியது:

சரியாக இருக்கிறது அம்மா. நீ கேட்டதும் சரி, 7 என்று மதிப்பு கொடுத்தாலும் எல்லை 4-தான். பரீட்சையில் எழுதும்போது |எக்ஸ் + 3| ஏன் 7-க்குக் குறைவு என்று ஒரு வரி சேர்த்துவிடு. திருத்துபவர் அந்த வரியைத் தேடுவார்.

வேப்பம்பூ எழுதியது:

சேர்த்துவிட்டேன் சார். |எக்ஸ் − 3| 1-க்குக் குறைவு என்பதால் எக்ஸ் 2-க்கும் 4-க்கும் நடுவில், அதனால் எக்ஸ் + 3 என்பது 5-க்கும் 7-க்கும் நடுவில். பென்சில் வட்டத்தை அழிக்கவில்லை. பக்கத்தில் "எக்ஸ் + 2 தொடர்ச்சியானது, ஆகவே" என்று பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்.